பிளந்த கட்டைக்கு ஒரு வார்

அந்த வார்த்தை என்னிடம் முதலில் தகரத்தில்தான் வந்தது.

தாராவியில் ஒரு தோல் பட்டறையில் நான் வெட்டுக்காரன். எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் தகரத்தில் அச்சு வரும். அச்சைத் தோல்மேல் வைத்து, கோடு இழுத்து, வெட்டுவது என் வேலை. சுதந்திரம் வந்த மறு வருஷம், மழை ஓய்ந்த பிறகு, ராணுவ காண்டிராக்டில் நாலு அச்சு வந்தது. நாலிலும் வெள்ளைப் பெயிண்டில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

முதலாளியிடம் காட்டினேன். மேலப்பாளையத்துக்காரர். ஓதும் பள்ளியில் அரபியும், பம்பாய்க்கு வந்து இந்தியும், காண்டிராக்டர்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றவர்.

“ஸ்கீன்னு போட்டிருக்கு.”

“அப்படின்னா என்ன மொதலாளி?”

“காலுல மாட்டுறது.”

“செருப்பா?”

“செருப்புன்னா செருப்புன்னு சொல்ல மாட்டேனால? பனிமேல வழுக்கிட்டே போவாவளாம். அதக் காலோட சேத்துக் கட்டுறதுக்கு வாரு. முன்னூறு ஜோடி.”

“நீங்க பாத்திருக்கீயளா?”

“காண்டிராக்டரே பாத்ததில்ல. நான் எங்க போயி பாக்க?”

எங்களுக்குப் பனி என்றால் விடிகாலையில் தலைக்கு ஒரு துண்டு. அவ்வளவுதான். அதன்மேல் ஆள் நிற்கலாம், வழுக்கிப் போகலாம் என்பது மனசில் ஏறவில்லை. வெட்டுப்பலகையில் போய் உட்கார்ந்தேன். கத்தி ஓடவில்லை.

இழுப்பு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் வார் வெட்டக்கூடாது. முதுகுத்தோல் இழுத்தாலும் நீளாது. வயிற்றுத்தோல் நீண்டுவிடும். கால் எதன்மேல் நிற்கிறது, குதிகால் தூக்குமா தூக்காதா, எதுவும் அந்த மூன்று எழுத்தில் இல்லை.

என் தம்பி ராணுவத்தில் இருந்தான். அங்கேயும் தோல் வேலைதான். பூட்ஸ் தைப்பான், பை தைப்பான். வடக்கே ஏதோ மலையில் இருந்தான். ஊர்ப் பேர் எழுத அனுமதி இல்லை. காஷ்மீர்தான் என்று முதலாளி சொல்வார். தம்பி எட்டாவது வரை படித்தவன். அம்மா போன பிறகு என் கையில் வளர்ந்தவன். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. இருந்தது அவன்தான்.

ஒரு கார்டு எழுதினேன். “ஸ்கீ என்றால் என்ன? குதிகால் தூக்குமா? உடனே எழுது.” நலம் விசாரிக்க இடம் மிச்சம் இருந்தது. விசாரிக்கவில்லை.

பதினைந்து நாளில் பதில் வந்தது. இரண்டு பக்கம். அவனுக்கு எழுதப் பிடிக்கும்.

“அன்புள்ள அண்ணனுக்கு. நீ கேட்ட சாமான் இப்போது என் எதிரே சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம். நாலு விரல் அகலம். முனை மட்டும் மேலே வளைந்திருக்கும். ஒரு காலுக்கு ஒன்று. இங்கே சொல்லிக்கொடுக்கிற கேப்டன் உலகச் சண்டைக் காலத்தில் வெளிநாட்டுப் பனிமலையில் இருந்துவிட்டு வந்தவர். பூட்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார். வார்த்தை என்றால் அவருக்கு உயிர். ஸ்கீ என்பது இங்கிலீஷ் வார்த்தையே இல்லையாம். வடக்குக் கோடியில் நார்வே என்ற நாட்டுக்காரர்களுடையதாம். அவர்கள் ஷீ என்றுதான் சொல்வார்களாம். பிளந்த கட்டை என்று அர்த்தமாம். அடுப்புக்குப் பிளக்கிற கட்டைக்கும் வேலிக்குப் பிளக்கிற கட்டைக்கும்கூட அந்தப் பேர்தானாம். குதிகால் தூக்கும். கால்விரல் மட்டும் கட்டையை விட்டு அசையக்கூடாது.”

படித்துவிட்டு எழுந்து போய்க் கத்தியைத் தீட்டினேன். பிளந்த கட்டை. அவ்வளவுதானா? கட்டை எனக்குத் தெரியும். பிளந்த கட்டைக்கு விளிம்பு கூராக நிற்கும். விரல் வார் அந்த விளிம்பில்தான் உரசும். அந்த இடத்தில் தோலை இரட்டையாக வைக்க வேண்டும். குதிகால் வார் ஏறி இறங்கும். அதற்கு முதுகுத்தோல்தான் சரி. அன்று மாலைக்குள் பத்து ஜோடி வெட்டினேன்.

முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார். “நம்ம பொம்பளையள் வெறகத் தலையில சொமப்பாவ. அவனுவ காலுல கட்டிட்டு ஓடுதானுவளா?”

தகர அச்சில் அந்த மூன்று எழுத்துக்குக் கீழே, குத்தூசியால் கீறி வைத்தேன்: பிளந்த கட்டை.

அதன்பிறகு தம்பி ஒவ்வொரு கடிதத்திலும் வார்த்தை அனுப்பினான். நான் கேட்கவில்லை. அவனாகவே எழுதினான். சாயங்காலம் அடுப்பு வெளிச்சத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் மனைவி மாவு பிசைந்துகொண்டே கேட்பாள்.

“கொடி நட்டு, வளைந்து வளைந்து அதற்குள் இறங்கிப் பழகுகிறார்கள். அதற்கு ஸ்லாலம் என்று பேர். இதுவும் அந்த நாட்டு வார்த்தைதான். சரிவு ஒரு பாதி, தடம் ஒரு பாதி. சரிவில் விழுந்த தடம்.”

“நம்ம சந்துல தண்ணி எடுத்துட்டு வாரதும் அதுதான்” என்றாள் மனைவி. “கொடி மட்டுந்தான் நடல.”

இன்னொரு கடிதத்தில்: “பனிப்புயலுக்கு பிளிஸர்ட் என்று பேர். இது எங்கிருந்து வந்தது என்று சரியாக யாருக்கும் தெரியாதாம். அமெரிக்காவில் முதலில் ஓங்கி விடுகிற அடிக்குத்தான் அப்படிச் சொன்னார்களாம். பிறகு புயலுக்குச் சொன்னார்களாம். நம் ஊரில் மழை போட்டுச் சாத்துது என்று சொல்கிறோமே என்று கேப்டனிடம் சொன்னேன். சாத்துது, சாத்துது என்று நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். கணுக்காலில் நாங்கள் சுற்றுகிற துணிக்கு இங்கிலீஷில் புட்டீஸ் என்பார்கள். வெள்ளைக்காரன் வார்த்தை என்று இத்தனை நாள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் நம் இந்திக்காரர்களின் பட்டிதான். அவன் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.”

எல்லாவற்றையும் அச்சுத் தகரத்தில் கீறினேன். இடம் குறைந்துகொண்டே வந்தது.

மார்கழி பிறக்கும் சமயம் வந்த கடிதம் இது.

“அண்ணா, இங்கே மேலே போட்டுக்கொள்கிற தலைமூடிச் சட்டைக்கு அனோரக் என்று பேர். இப்போது துணியில் வருகிறது. ஆனால் இந்த வார்த்தை பூமிக்கு உச்சியில், பனிக்கட்டியிலேயே குடியிருக்கிற சனங்களுடையதாம். அவர்கள் இதைத் தோலில்தான் தைப்பார்களாம். கடலில் இருக்கிற ஒரு மிருகத்தின் தோல். விறைக்காமல், தண்ணீர் ஏறாமல் இருக்க மீனெண்ணெய் தேய்த்துக்கொண்டே இருப்பார்களாம். நம் ஜாதி வேலை அங்கேயும் இருக்கிறது பார். இன்னொன்று. தை பிறந்து ஒரு கூட்டம் மேலே போகிறது. எட்டு நாள் நடை. வார் அறுந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று என் பேரையும் போட்டிருக்கிறார்கள். எனக்கும் சறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பழைய வார் எல்லாம் பிய்ந்து கிடக்கிறது. பம்பாயிலிருந்து புது வார் வந்ததும் கிளம்புவோம். அது நீ வெட்டினதாக இருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை.”

என் மனைவி மாவுக் கையோடு நின்றாள்.

“மீனெண்ணெய் தேச்ச சட்டையா? அவன கட்டிக்கிட்டவ பாவம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வார் அந்துச்சுன்னா என்ன ஆவும்?” என்று கேட்டாள்.

“கட்டை தனியாப் போவும். ஆள் தனியாப் போவான்.”

அவள் மறுபடி மாவில் கை வைத்தாள்.

அந்த வாரம் முன்னூறு ஜோடியும் முடிந்தது. கடைசி வேலை எண்ணெய். எங்கள் பக்கத்தில் செருப்பு தைத்து முடித்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு தேய்ப்பு. தோல் பளபளக்கும், வாசனையும் நன்றாக இருக்கும், வாங்குகிறவனுக்குப் பிடிக்கும். இதற்கும் அதையே செய்யலாம் என்று சொன்னது நான். காண்டிராக்ட் காகிதத்தில் ‘தகுந்த எண்ணெய்’ என்று மட்டும்தான் இருந்தது. பட்டறைப் புழுக்கத்தில் உட்கார்ந்து முன்னூறு ஜோடிக்கும் நன்றாக ஊறும்படி ஏற்றினோம்.

மாட்டுங்காவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். சந்தனப் பொட்டு, மடிப்புக் கலையாத சட்டை. ஒரு வாரை எடுத்து வளைத்தார். பக்கிளைப் பிடித்து இழுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“நன்னா இருக்கு. வாசனைகூட ஆத்து வாசனையா இருக்கு” என்றார். பெட்டிக்குப் பெட்டி அட்டை கட்டி முத்திரை குத்திவிட்டுப் போனார். லாரி வர இன்னும் பத்து நாள்.

மறுநாள் காலை குளிர் சற்று அதிகம். பம்பாய்க் குளிர்தான். வாயில் புகை வரும், எட்டு மணிக்குப் போய்விடும். என் மனைவி தலை சீவ உட்கார்ந்தாள்.

“இங்கேருங்க. அந்தப் பாட்டில வெயில்ல வச்சிட்டுப் போங்க. எண்ண கல்லாக் கெடக்கு.”

ஒவ்வொரு மார்கழிக்கும் அவள் இதைச் சொல்வாள். ஒவ்வொரு மார்கழிக்கும் நான் வைப்பேன். அன்று பாட்டிலைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். எண்ணெய் அசையவில்லை. வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி அடியில் பிடித்துக்கொண்டிருந்தது.

“என்ன, பாட்டில மொறைச்சிக்கிட்டு நிக்கிய?”

பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அட்டை கட்டாமல் மிச்சம் இருந்த ஒரு வாரை எடுத்து வளைத்தேன். வளைந்தது. பம்பாய்க் குளிருக்கு வளைந்தது. அது போகிற ஊரின் குளிர் எனக்குத் தெரியாது. அதை இங்கே எங்கே தேடுவது?

மாஹிமில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு குல்ஃபிக்காரர் உண்டு. வடநாட்டுக்காரர், எல்லாரும் பையா என்பார்கள். குளிர்காலத்தில் குல்ஃபி விற்காது. வேர்க்கடலை வறுத்து விற்பார். பானை சும்மா கிடக்கும். பெரிய மண்பானை. பனிக்கட்டியை உடைத்து உப்புப் போட்டுக் குலுக்குவார். அதற்குள் தகரக் குழல்களைச் செருகி வைப்பார். உப்புப் போட்டால் குளிர் பல மடங்கு ஏறும். வெறும் பனிக்கட்டியில் பால் உறையாது, உப்பு இருந்தால்தான் உறையும் என்று அவர்தான் முன்பு சொல்லியிருக்கிறார்.

அவருடைய செருப்புக்குப் புது வார் தைத்துத் தருகிறேன் என்றேன். பனிக்கட்டி வாங்கிப் போட்டார். நான் மடியிலிருந்து ராணுவ வாரை எடுத்துச் சுருட்டிக் குழலுக்குள் போட்டேன்.

“அரே, யே க்யா? சம்டே கி குல்ஃபி?” தோலில் குல்ஃபியா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற டாங்கா வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் செருப்பைத் தைத்தேன்.

தைத்து முடித்ததும் குழலைத் திறந்தேன். வார் சுருட்டின மேனிக்கே இருந்தது. நீட்டினேன். நீளவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். பக்கிள் ஓட்டை இருந்த இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். இரண்டு துண்டு.

குல்ஃபிக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு துண்டையும் முதலாளி முன்னால் வைத்தேன். எங்கே சோதித்தேன் என்று சொன்னேன்.

“குல்ஃபிப் பானையிலயா?” என்றார். துண்டைப் புரட்டிப் பார்த்தார். “குஃப்லுன்னா அரபில பூட்டு. மூடி போட்டுப் பூட்டி வைக்கிறதால குல்ஃபின்னு பேரு. நீ என் பொழப்பப் பூட்டி வைக்கப் பாக்க.”

துண்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிகளைக் காட்டினார்.

“பாஸ் ஆன மாலு. முத்திர குத்தியாச்சி. லாரி வருது. யாரும் ஒண்ணும் கேக்கல.”

“கேக்க மாட்டாவ மொதலாளி. மாட்டிட்டுப் போறவன் திரும்பி வந்துல்லா கேக்கணும்.”

“ஒன் தம்பி போறானா?”

“அவனும் போறான்.”

முதலாளி எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே தோல் காயப்போட்ட கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் என்னுடைய யோசனை. சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

“எண்ண போடாமலும் முடியாது. வேற எந்த எண்ணல? வேப்பெண்ண?”

“அதுவும் கட்டிரும்.”

“வெளக்கெண்ண?”

“பசை மாதிரி நிக்கும்.”

“அப்ப என்னத்தப் பூச? என் தலையப் பூசவா?”

என் பலகையில் தகர அச்சு கிடந்தது. கீறின எழுத்தெல்லாம் தெரிந்தது. கடைசியாகக் கீறினது அனோரக். பக்கத்தில் சின்னதாக, தோல், மீனெண்ணெய் என்று எழுதியிருந்தேன். எதற்கு எழுதினேன் என்று தெரியாது. எழுதியிருந்தேன்.

“பனிக்கட்டியிலயே குடியிருக்கிறவன் மீனெண்ணதான் பூசுதானாம் மொதலாளி.”

முதலாளி தகரத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எடுத்துட்டு வா” என்றார்.

தாராவியின் மேற்கு ஓரத்தில், கழிமுகத்துப் பக்கம், மீன்பிடிக்கிற கோலிகள் குடியிருந்தார்கள். சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துத் தகர டின்னில் வைத்திருப்பார்கள். படகுக் கட்டைக்குப் பூசுவதற்கு. அங்கே ஒரு அம்மாளிடம் ஒரு சின்ன டின் கேட்டேன். படகு எங்கே என்று மராத்தியில் கேட்டாள். படகு இல்லை, தோலுக்கு என்றேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள். மீன் விற்கிறவளே மூக்கைச் சுளித்தால் அந்த வாசம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரைப் பூந்திக்கொட்டை போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காய் எண்ணெயைக் கழுவி எடுத்தேன். ஈரம் முழுதும் காயும் முன்னே சுறா எண்ணெயை ஏற்றினேன். ஈரம் வெளியே போகப் போக எண்ணெய் உள்ளே இறங்கும். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மாஹிமுக்குப் போனேன். குல்ஃபிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாசம் முன்னாலேயே போய்விட்டது.

“நஹீ, நஹீ! மேரா மட்கா!” வேண்டாம், என் பானை என்று பதறினார்.

பானை போனால் புதுப் பானை முதலாளி தருவார் என்று நானாகவே சொல்லிவிட்டேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். குழலைத் திறந்தேன். வார் குளிர்ந்து, மேலே வெண்மை படிந்திருந்தது. வளைத்தேன். வளைந்தது. முடிச்சுப் போட்டேன். முடிச்சு விழுந்தது. அவிழ்த்தேன்.

குல்ஃபிக்காரர் கையை நீட்டி வாங்கி அவரும் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். “பன் கயா” என்றார். ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எட்டு நாள் இருந்தது. முன்னூறு ஜோடி. பெட்டிகளைத் திறந்தோம். முத்திரை அட்டைகளை அறுத்தோம். அறுக்கும்போது முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பட்டறையில் இருந்த ஒன்பது பேரும் போதவில்லை. என் மனைவி சந்திலிருந்து ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் கழுவினார்கள். நாங்கள் எண்ணெய் ஏற்றினோம். வெயிலில் காட்டக்கூடாது, நிழலில்தான் போட வேண்டும். கொடி போதாமல் வாசல், கூரை ஓரம், கைப்பிடிச்சுவர் எல்லாம் வார். அந்தச் சந்து வழியாகப் போன நாய்கள் திரும்பிப் போகவில்லை.

“ஒங்க தம்பி வரட்டும்” என்றாள் மனைவி. முழங்கை வரை எண்ணெய். “கட்டையில சறுக்குனது போதும்டான்னு இந்தக் கையால ஒண்ணு வைக்கேன்.”

எட்டாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அட்டை அறுந்தால் அவர் வந்து மறுபடி குத்தினால்தான் லாரி எடுக்கும். சந்து முனையிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“என்னங்காணும் இது! நான் பாஸ் பண்ணின மால் எங்கே?”

“இதுதான் சார்” என்றார் முதலாளி.

“இதா? இந்த நாத்தமா? இதை எப்படிய்யா நான் எழுதறது? காண்டிராக்டில் மீன்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

நான் சொன்னேன்: “தேங்காய்ன்னும் போடல சார்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வந்த முகம்தான். நான் குல்ஃபிக்காரரின் பழைய பானையைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். காலையிலேயே பனிக்கட்டியும் உப்பும் போட்டிருந்தேன். இரண்டு குழலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் கழுவாத பழைய வார். ஒன்றில் புதியது. தொடச் சொல்லவில்லை. அவராகத்தான் எடுத்தார். முதலில் பழையதை வளைத்தார். உடைந்தது. துண்டு பறந்து அவர் சட்டையில் விழுந்தது. புதியதை இரண்டு விரலால் எடுத்து வளைத்தார். வளைந்தது. கைக்குட்டையை மறந்துவிட்டார். இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார்.

“யார் சொல்லிக் கொடுத்தா இதை?”

“தம்பி லெட்டர் சார்.” எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மேலே போகிற கூட்டத்தில் தன் பேர் இருப்பதாகத் தம்பி எழுதியிருந்த இடத்தில் அவர் கண் நின்றது தெரிந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எங்காத்திலும் இன்னிக்குக் காலம்பர பாட்டில் வெயில்லதான் இருந்தது” என்றார். “நானும்தான் தலைக்குத் தடவிண்டு வந்தேன். எனக்குத் தோணலை பாரும்.”

பெட்டி பெட்டியாக முத்திரை குத்தினார். முடித்துவிட்டுக் காண்டிராக்ட் காகிதத்தை எடுத்து, ‘தகுந்த எண்ணெய்’ என்று இருந்த இடத்துக்கு மேலே பேனாவால் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று முதலாளி பிறகு சொன்னார்: மீன் எண்ணெய் மட்டும்.

“ஆத்துக்குப் போனா வாசல்லயே நிறுத்திக் குளிக்கச் சொல்லுவா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

லாரி மறுநாள் வந்தது. பெட்டிகள் போயின. கடைசிப் பெட்டியில் ஒரு ஜோடி வாரின் உள்பக்கம் குத்தூசியால் ஒரு சின்னக் கோடு கீறியிருந்தேன். வீட்டில் தம்பியின் பழைய செருப்பிலும் அதே கோடு உண்டு. அவன் கையில் அது போகும் என்று நிச்சயம் இல்லை. கீறினேன்.

தை போயிற்று. கடிதம் இல்லை. மாசி பிறந்தது. தபால்காரர் சந்துக்குள் வரும்போது என் மனைவி வேலையை விட்டுவிட்டு வாசலில் நிற்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பட்டறையில் யாரும் என்னிடம் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. முதலாளி மட்டும் தினம் ஒரு தரம் என் பலகைப் பக்கம் வந்து, தகரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

மாசி முடிகிற சமயம் வந்தது. தபால்காரர் சந்து முனையிலேயே கையை உயர்த்திக் காட்டினாராம். மனைவி உறையைப் பிரிக்காமல் பட்டறைக்கு ஓடி வந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. முதலாளி வேலையை நிறுத்தச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மெதுவாகத்தான் வரும். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“அன்புள்ள அண்ணனுக்கு. போய்விட்டுக் கீழே வந்துவிட்டோம். எல்லாரும் வந்தோம். எனக்கு ஒரு காலில் இரண்டு விரல் மரத்திருக்கிறது, சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். ஐந்தாம் நாள் நான் சொன்னேனே அந்த பிளிஸர்ட், அது வந்தது. போட்டுச் சாத்தியது. இரண்டு நாள் ஒரு பாறைக்குக் கீழே இருந்தோம். பூட்ஸ் கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் கட்டையைக் காலில் கட்டினபோது வார் மட்டும் பம்பாயில் இருக்கிற மாதிரி வளைந்தது. ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. எட்டு நாளும் எனக்கு வேலையே இல்லை, சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

பெட்டியைத் திறந்த அன்று இங்கே பெரிய கலாட்டா. என்ன நாற்றம் என்று சமையல்காரனைத் திட்டினார்கள். நான் அந்தச் சட்டைக் கதையைச் சொன்ன பிறகுதான் பொறுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வாருக்கு இங்கே மச்லி என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்தியில் மீன். காலையில் கிளம்பும் முன் ஹவில்தார் வரிசையைப் பார்த்து, மச்லி கஸ் லியா, மீனை இறுக்கிவிட்டாயா என்று கத்துவார். கர்வாலி, சீக்கியன், மதராஸி எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். கேப்டனும் மச்லி என்றுதான் சொல்கிறார். புதிதாக வந்தவர்கள், கையில் வழுக்குகிறது, அதனால்தான் மீன் என்று பேர் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் திருத்தவில்லை. கோடு போட்ட ஜோடியை நானே எடுத்துக்கொண்டேன்.”

கடிதத்தை மடித்தேன். என் மனைவி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி, “மச்லியா!” என்றார். தொடையில் தட்டிச் சிரித்தார். “ஏலேய், மச்லி! போயி எல்லாருக்கும் டீ சொல்லுங்கல.” அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

டீ வருவதற்குள் தகரத்தை எடுத்தேன். அநேகமாக நிறைந்துவிட்டது. விளிம்போரம் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. அங்கே மச்லி என்று கீறினேன். அதற்குப் பக்கத்தில் தாராவி என்றும் கீறினேன்.

அடுத்த மழை ஓய்ந்ததும் மறுபடி காண்டிராக்ட் வந்தது. அறுநூறு ஜோடி. புதுத் தகரம் வந்தது. பழையதைத் திருப்பிக் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அது இப்போதும் என் வீட்டில் இருக்கிறது.